பந்தைப் பார்க்காத ஒருவர்

கார்னர் கிக். கொடிக்கம்பத்தடியில் பந்தை வைத்துவிட்டு ஒருவர் கையைத் தூக்குகிறார். மொத்த அரங்கமும் அந்தப் பந்தைப் பார்க்கிறது, நடுவரைத் தவிர. அவர் பெனால்டி பகுதியின் விளிம்பை ஒட்டி நின்றுகொண்டு, கோலுக்கு முன்னால் முட்டி மோதும் கும்பலின் கைகளை நோட்டம் விடுகிறார். யார் சட்டை யார் பிடியில்? கோல்கீப்பரை நகரவிடாமல் முட்டிக்கொண்டு நிற்பது யார்?

பந்தை உதைப்பதற்கு முன் தற்காப்பு வீரர் எதிராளியின் சட்டையை இழுத்தால் பெனால்டி கிடையாது. பந்துதான் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லையே! நடுவர் எச்சரிப்பார், மிஞ்சினால் மஞ்சள் அட்டை காட்டுவார். அதே கார்னர் மறுபடி நடக்கும். பந்து உதைபட்டு நகர்ந்த மறுநொடி அதே கை அதே சட்டையை இழுத்தால், பெனால்டி. அதனால் உதைக்கும் கணம் அவர் கடைக்கண்ணில் விழ வேண்டும். முழுக்கண்ணும் கும்பல் மேல் இருக்க வேண்டும். அதற்குத் தோதான இடத்தில்தான் அவர் நின்றாக வேண்டும்.

மேசைமேல் இரண்டு டம்ளர்களை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். நேர் எதிரே குனிந்து பார்த்தால், இரண்டும் ஒட்டியிருக்கின்றனவா, நடுவில் ஒரு சாண் இடம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் தெரிந்துவிடும். "பக்கத்திலேயே நின்றாரே, கண் தெரியவில்லையா?" என்று நாம் டிவி முன்னால் கத்தும்போது, அவர் பெரும்பாலும் நேர்கோட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். கிட்டே நிற்பதைவிடக் கோணம் முக்கியம்.

1891 வரை நடுவர் மைதானத்துக்கு வெளியே நின்றவர். அணிக்கு ஒருவராக உள்ளே இருந்த இரண்டு அம்பயர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் அவரிடம் வழக்கு வரும். அந்த ஆண்டு அவர் உள்ளே வந்தார். அம்பயர்கள் எல்லைக்கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். உள்ளே வந்தவர் எங்கே ஓடுவது? 1930-களில் இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸ் பரப்பிய மூலைவிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. நடுவர் மைதானத்தில் குறுக்காக ஓடுவார். துணை நடுவர்கள் ஆளுக்கொரு பக்கக் கோட்டில், ஆளுக்கொரு பாதியைக் கவனிப்பார்கள். ஆட்டம் எப்போதும் நடுவருக்கும் ஒரு துணை நடுவருக்கும் நடுவில் இருக்கும். டம்ளரை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தாயிற்று.

கார்னரிலும் அந்தப் பங்கீடுதான். கொடிக்குப் பின்னால், கோல் கோட்டுக்கு நேராகத் துணை நடுவர் நிற்பதால், பந்து கோட்டைத் தாண்டியதா என்ற கவலை நடுவருக்குக் குறைவு. அவர் ரொம்ப உள்ளே போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: கோல்கீப்பர் பந்தைப் பிடித்து எறிந்தால், அடுத்த பத்து வினாடியில் ஆட்டம் மறுகோடியில் இருக்கும். ஓட வேண்டியது அவரும்தான்.

கோல் கிக்கில் அவர் பந்து விழப்போகும் இடத்துக்கு அருகே போய்விடுவார். அங்கே எகிறப்போகும் இருவரின் முழங்கைகள்தான் அவர் குறி.

கோலுக்குப் பக்கத்தில் ஃப்ரீ கிக் என்றால் பாடு அதிகம். 9.15 மீட்டர் அளந்து தடுப்புச் சுவரைத் தள்ளி நிறுத்த வேண்டும். பந்துக்கு முதுகைக் காட்டிவிட்டு நடந்தால், திரும்பி வருவதற்குள் பந்து ஓரடி முன்னேறியிருக்கும். உலகக் கோப்பைகளில் முதன்முறையாக 2014-இல் வந்த, சற்று நேரத்தில் மறைந்துவிடும் வெள்ளை நுரை இந்தத் திருட்டுக்குத்தான் வைத்தியம். பந்தடியில் ஒரு வளைவு, சுவரின் காலடியில் ஒரு கோடு.

இத்தனைக்கும் மேல், பந்து போகும் வழியில் நிற்கவும் கூடாது. 2019 வரை நடுவர் மேல் பட்டுத் தெறித்த பந்து கோலுக்குள் போனாலும் கோல்தான். சட்டத்தின் கண்ணில் அவர் கம்பம் மாதிரி. இப்போது கோல் ஆனாலோ, பந்து எதிரணிக்குக் கைமாறினாலோ, நல்லதொரு தாக்குதல் தொடங்கினாலோ விசில் ஊதி, பந்தைத் தன் கையால் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். அதைப் போடும்போது ஆட்டக்காரர்கள் அவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!