நடக்கும் கட்டைகள்

1973ஆம் ஆண்டு டென்மார்க்கில் லார்ஸ் ஹாசிங், ஹென்ரிக் ஹாசிங் என்னும் இரு சிறுவர்கள், தங்கள் தாத்தா பாட்டியின் பொன்விழா மணநாளுக்காக ஒரு படம் எடுத்தனர். ஒருவருக்கு வயது 12, மற்றவருக்கு 10. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான் அப்போலோ 17 விண்கலம் நிலவில் இறங்கியிருந்தது. சிறுவர்களும் லெகோ கட்டைகளை நிலவுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் அதுவே, லெகோ கட்டைகளைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

‘ஸ்டாப் மோஷன்’ எனப்படும் இம்முறையின் அடிப்படை எளிது. பொம்மையை நிறுத்தி ஒரு நிழற்படம் எடுக்க வேண்டும். அதைச் சற்றே நகர்த்தி இன்னொன்று எடுக்க வேண்டும். அவற்றை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால், இடையில் வந்துபோன கை மறைந்துவிடும். பொம்மை தானாக நடப்பதாகவே கண் நம்பும். திரைப்படங்களில் பொதுவாக நொடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுகின்றன. கட்டைப் படம் எடுப்போர் பலர் 15 போதும் என்பார்கள். அப்போதும் ஒரு நிமிடப் படத்திற்கு 900 முறை நகர்த்தியாக வேண்டும்!

சிக்கல் நகர்த்துவதில்தான் இருக்கிறது. 1978இல் அறிமுகமான லெகோ மனிதப் பொம்மை, ஏறக்குறைய 4 செண்டிமீட்டர் உயரம்தான். தலை திரும்பும், தோள், மணிக்கட்டு, இடுப்பு ஆகியவை அசையும். முழங்கையும் முழங்காலும் மடங்கா. கட்டையின் மேலுள்ள குமிழ்கள் பொம்மையைச் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆனால், ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர் தொலைவு உண்டு. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு மாற்றினால், பொம்மை நடப்பதாகத் தெரியாது, தத்துவதாகத் தெரியும். ஆகவே, குமிழில்லாத வழுவழுப்பான தட்டைக் கட்டைகளைத் தரையாகப் பரப்பி, சுவரில் படம் ஒட்டப் பயன்படும் பசைக்களியைப் பாதத்தில் சிறிதளவு வைப்பதுண்டு. புறப்படும்போதும் நிற்கும்போதும் மிகக் குறைவாகவும், நடுவில் சற்று அதிகமாகவும் நகர்த்தினால், பொம்மைக்கு எடை இருப்பதுபோல் தோன்றும்.

சன்னல் வெளிச்சம் நம்பத்தக்கதன்று. ஒரு மேகம் கடந்தாலே ஒளி மாறிவிடும். திரையில் அது மின்னி மின்னி மறையும். எனவே, திரைச்சீலையை இழுத்துவிட்டு மேசை விளக்கை ஏற்றுகிறார்கள். வெள்ளைச் சட்டையில் பட்டுத் தெறிக்கும் ஒளிகூடக் காட்சியைக் கெடுப்பதால், கருநிற ஆடை அணிவோரும் உள்ளனர். படக்கருவி முக்காலியில் அசையாமல் நிற்க வேண்டும். விரல் பட்டுப் பொம்மை விழுந்துவிட்டால் என்ன செய்வது? இன்றைய திறன்பேசிச் செயலிகள் முந்தைய நிழற்படத்தை மங்கலாகக் காட்டுகின்றன. அதைப் பார்த்துப் பழைய இடத்திலேயே நிறுத்தலாம். ஹாசிங் சிறுவர்கள் பயன்படுத்தியதோ ‘சூப்பர் 8’ படச்சுருள். அதைக் கழுவி எடுக்கும்வரை, காட்சி சரியாக வந்திருக்கிறதா என்பதே தெரியாது.

2014இல் ‘தி லெகோ மூவி’ வெளிவந்தது. பெரும்பாலும் கணினியில் உருவான படம் அது. கணினியில் முழங்காலை எளிதாக மடக்கலாம். கடல் அலையைத் தண்ணீராகவே காட்டலாம். ஆனால், அதை உருவாக்கிய சிட்னிக் கலைஞர்கள் மடங்காத கால்களையே வைத்துக்கொண்டார்கள். அலை, புகை, நெருப்பு அனைத்தையும் கட்டைகளாகவே அமைத்தார்கள். மேசையில் படமெடுப்பவர்கள் ஒவ்வொரு நிழற்படத்திற்கும் முன் துடைத்தெடுக்கும் விரல் தடங்களையும் கீறல்களையும்கூட அவர்கள் கணினியில் உருவாக்கிச் சேர்த்தார்கள்.