ஆஸ்பத்திரியும் பீடிக் கட்டும்

நம் சாத்தான்குளம் வட்டாரத்தில் அங்கத்தினர் ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் படுத்தால், உற்றார் நால்வர் பார்க்கச் செல்வது வழக்கம். ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டு செல்வர். சிலர் மடியில் பீடிக் கட்டொன்றும் இருக்கும். “பாவம், மூன்று நாளாய்ப் புகையின்றித் தவிக்கிறார்” என்னும் இரக்கமே இதற்குக் காரணம். இவ்விரக்கம் எத்துணைக் கேடு விளைப்பது என்பதைக் கூறவே இதனை எழுதுகிறோம்.

புகையை விடுவதற்கு ஆஸ்பத்திரி நாட்களைப்போல் வாய்ப்பான காலம் வேறில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே புகைத்தல் கூடாது. பீடியை நினைவூட்டும் தறிக்கூடமும், முருங்கைத் தோட்டத்து வரப்பும், டீக்கடைப் பெஞ்சும் எட்டத்தில் உள்ளன. நோய் தந்த அச்சமோ அருகிலேயே உள்ளது. கடைசிப் பீடிக்குப்பின் ஓரிரு நாட்களில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வடிந்துவிடுகிறது. ஓராண்டு விட்டிருந்தால், புகையினால் வரும் இருதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

பீடியில் புகையிலை கொஞ்சம்தானே என்பாருண்டு. இது வீண் சமாதானம். பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், உள்ளே செல்லும் நிகோடின் சிகரெட்டுக்குக் குறைந்ததன்று.

நோயாளியின் தவிப்பு மெய்யானதே. விட்ட சில மணி நேரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அவர் நர்ஸிடம் சீறி விழுந்தால் குணக்கேடென்று எண்ணற்க. நாளொன்றுக்கு எத்தனை பீடி என்பதை மறையாது டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர் நிகோடின் சூயிங்கம் கொடுத்தால் வெற்றிலைபோல் குதப்பலாகாது. மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

இனி முக்கியமான செய்தி. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் திரட்டி 2012-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு கூறுவது யாதெனில், ஆஸ்பத்திரியில் தொடங்கிய யோசனையும் உதவியும் வீடு திரும்பிய பின்னும் ஒரு மாதமாவது தொடர்ந்தால், புகையை விடுவோர் தொகை 37 சதவீதம் கூடுகிறது. ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டால் பயன் தெளிவாகப் புலப்படவில்லை. அந்த ஒரு மாதம் டாக்டர் கையில் இல்லை; வீட்டார் கையிலும் நம் போன்ற சங்கத்தார் கையிலுமே உள்ளது. கிருமிக்கு மருந்து தரும் ஆஸ்பத்திரி, பக்கத்துத் தறிக்காரர் நீட்டும் பீடியைத் தடுக்க இயலுமா?

முக்கூடல், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றியே அடுப்பெரிக்கும் பெண்மக்கள் பலர் என்பதை அறிவோம். அவர்கள் பிழைப்புக்கு மாற்று தேடுவது தனிப் பிரச்சினை. அதற்காக நோயாளியின் வாயில் பீடியை வைக்க முடியாது.

வீடு திரும்பியவரிடம் வாரம் ஒருமுறையேனும் சங்கத்தார் நேரில் விசாரிக்கலாம். ஒருநாள் தவறிப் புகைத்துவிட்டாரெனில் ஏளனம் செய்யாது, மறுநாளே தொடரச் செய்யவேண்டும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, 2018-ஆம் ஆண்டு முதல் புகையிலைப் பொட்டலங்களின் மீதே அச்சாகிறது. அழைப்புக்குக் கட்டணமில்லை. எழுத்தறியாத அங்கத்தினருக்குக் காரியதரிசியே எண்ணைப் போட்டுக் கொடுக்கலாம்.