காற்றின் கூலி – 8: நீராவிக்குச் சுமை தூக்கிய தோணி

நீராவிக் கப்பல் வந்தது, பாய்மரக் கப்பல் ஒழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். தூத்துக்குடித் தோணியின் கதை அந்த வரிக்குள் அடங்காது. அங்கே நீராவிக் கப்பல் தோணியின் பிழைப்பைப் பறிக்கவில்லை. பல பத்தாண்டுகள் அதற்குக் கூலி கொடுத்தது. காரணம் கடலின் ஆழம். மன்னார் வளைகுடாவில் அந்தக் கரையோரம் வெகுதூரம் வரை ஆழமே கிடையாது. பெரிய இரும்புக் கப்பல்கள் 5, 6 மைல் தள்ளித்தான் நங்கூரம் போட முடிந்தது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற நீராவிக் கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியபோதும் இதே நிலைதான். சரக்கு வெள்ளைக்காரர் கப்பலில் போகட்டும், சுதேசிக் கப்பலில் போகட்டும். பருத்திப் பொதியும் நிலாவாரை மூட்டையும் முதலில் தோணியில் ஏறித்தான் ஆகவேண்டும். நங்கூரம் போடும் நீராவிக் கப்பல்கள் கூடக் கூட, தோணிக்கு வேலையும் கூடியது.

அந்த வேலையை வெறும் கூலிச்சுமை என்று தள்ளிவிட முடியாது. திறந்த கடலில் அலை ஏறும்போது தோணியும் ஏறும், பக்கத்தில் நிற்கும் இரும்புச் சுவர் அசையாது. பொதி கட்டிய வடம் மேலே இழுபடும் நொடியில் தோணி சரியான இடத்தில் நிற்கவில்லை என்றால் பொதி சுவரில் மோதும், ஆளும் நசுங்குவான். இது ஒரு பக்கம். மறுபக்கம், தோணி தனியாகவும் கடல் கடந்தது. சுமார் 150 கடல் மைல் தொலைவில் இருக்கும் கொழும்புக்கு வெங்காயமும் கூரை ஓடும் பிற பலசரக்கும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போனது. தோணியை நடத்தும் தலைவரான தண்டல் காற்றின் பெயரை வைத்தே பயணத்தைக் கணக்கிட்டார்: வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்பதுதான் போகும் நாளையும் திரும்பும் நாளையும் தீர்மானித்தது. கச்சான் முறுகி வீசும் மாதங்களில் பாய் இறங்கிவிடும்.

மெதுவாகப் போகும், ஆபத்தும் அதிகம், அப்படிப்பட்ட கலம் தானாகவே தோற்றிருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. மெதுவாகப் போகும் என்பது உண்மை. ஆனால் கூரை ஓட்டுக்கும் உப்புக்கும் என்ன அவசரம்? நிலக்கரிக்கும் கொதிகலனுக்கும் இடம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் தோணியின் வயிறு முழுவதும் சரக்குக்குத்தான். காற்றுக்கு விலையும் இல்லை. ஆகவே குறைந்த கூலியில் போகவேண்டிய கனமான சரக்குக்கு இதைவிடத் தோதான வண்டி அன்று வேறு இல்லை. ஆபத்து பற்றிய வாதம் வேறு வகை, அதை எளிதில் மறுக்க நான் துணிய மாட்டேன். புயலில் போன தோணிகளோடு போன உயிர்களுக்கு எந்த லாபக் கணக்கும் ஈடாகாது. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆபத்தானது என்பதற்காகச் சரக்குக்காரர்கள் தோணியைக் கைவிட்டதாக நினைத்தால் அது தவறு. ஆபத்தைத் தாங்கியவர்கள் கடலோடிகள், கைவிட்டது வேறொன்று.

அந்த வேறொன்று துறைமுகம். அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே ஆழப்படுத்திய புதிய துறைமுகம் 1974 ஜூலையில் தூத்துக்குடியின் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேராகக் கரையோடு அணைந்தது. கடலுக்குள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு அதன்பின் தேவை குறைந்தது. நீராவி பல பத்தாண்டுகளாகச் செய்யாததைக் கல்லும் மண்வாரியும் செய்தன. 1983-க்குப் பிறகு இலங்கையில் மூண்ட போர் கொழும்பு வழியையும் நெருக்கியது. இவை இரண்டையும் விட்டுவிட்டு நீராவியை மட்டும் குற்றவாளியாக்குவது, நோய் ஒன்று இருக்க மருந்து வேறொன்றுக்குக் கொடுப்பது போன்றது.

பிறகு தோணியிலேயே எஞ்சின் ஏறிவிட்டதே, அது பாயின் தோல்வி இல்லையா என்று கேட்கலாம். பாயின் தோல்விதான், கலத்தின் தோல்வி அல்ல. எஞ்சின் வந்து உட்கார்ந்தது அதே மர உடலில். அந்த உடல் எந்திரத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் தன் பராமரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இணைப்பில் எண்ணெயும் குங்கிலியமும் சேர்ந்த பஞ்சுத் திரியை வைத்து, உளியை நிறுத்தி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்க வேண்டும். அதுதான் கலப்பற்று. தட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது. கணீரென்று கேட்டால் திரி இறுகிவிட்டது. பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணியின் வயிற்றிலும் இந்தத் திரிதான் கடல்நீரைத் தடுத்து நிறுத்துகிறது.