குழுவில் சொன்ன சொல்லுக்கும் பொறுப்பு உண்டு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மருத்துவமனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு சுட்டால், முதல் கேள்வி போய்ச் சேருவது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். ‘எங்க பையனுக்கு இதே மாதிரி வந்தப்ப இந்த சிரப்தான் குடுத்தோம்’ என்று ஐந்து நிமிடத்தில் நாலு பதில் வந்துவிடும். எந்த டாக்டர் பொறுமையாகப் பார்ப்பார், எந்தப் பள்ளியில் எவ்வளவு கேட்கிறார்கள், வீட்டு புரோக்கர்களில் யாரை நம்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. தனிக்குடித்தனம் வந்துவிட்ட குடும்பங்களுக்கு இந்தக் குழுக்கள் பெரிய துணை. அந்தத் துணையை யாரும் இழக்க வேண்டாம். ஆனால் அங்கே சொல்வது திண்ணைப் பேச்சைப் போலக் காற்றோடு போவதில்லை. பதிவாகி நிற்கிறது, இன்னொரு குழுவுக்குப் போகிறது, ஒருநாள் நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வரக்கூடும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு தம்பதி தங்கள் மூன்றாவது குழந்தையை மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிர்வதற்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இருந்தது பிறகு தெரியவந்தது. சுகாதாரத் துறை புகார் கொடுத்தது, போலீஸ் விசாரித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 ஜூலையில், திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது, ஓர் ஆசிரியை ரத்தப்போக்கில் உயிரிழந்தார். கணவர் கைதானார். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று குழுவில் எழுதுகிறவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் ஏதாவது ஆகிவிட்டவர் அந்தக் குழுவில் எழுத வருவதில்லை. அதனால்தான் அனுபவப் பகிர்வு எப்போதும் ஆபத்தைக் குறைத்தே காட்டுகிறது.

சிரப் விஷயமும் அப்படித்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பை, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததையடுத்து, 2025 அக்டோபரில் தமிழக அரசு தடை செய்தது. போன வருடம் நம் குழந்தைக்குக் கேட்ட மருந்தின் பெயர் இந்த வருடம் எதைக் கொண்டுவரும் என்று நமக்குத் தெரியாது.

தனக்கு நடந்ததைச் சொல்வது குற்றமில்லை. பதிவுபெற்ற மருத்துவராக இல்லாதவர் தொடர்ந்து மருந்து சொல்லி வைத்தியம் பார்ப்பதுதான் குற்றம். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அதற்கு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பங்குச் சந்தை ஆலோசனையும் இதே கதைதான்: செபியிடம் பதிவு செய்யாதவர் காசு வாங்கிக்கொண்டு ‘இதை வாங்குங்க, அதை வித்துடுங்க’ என்று சொல்ல முடியாது. குழுவில் யாராவது முதலீட்டு ஆலோசனை தந்தால் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால், அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குழுவின் அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: யாரோ எழுதியதற்கு நாம் மாட்டுவோமா? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்று தொடர்பான வழக்கில், உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் மீது குற்றவழக்கு நிற்காது என்று சொன்னது. சேர்ந்து திட்டமிட்டதற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாவார். வெறும் அட்மினாக இருப்பது குற்றமாகாது.

அடுத்து கருத்து. நம் சட்டம் கருத்துக்கு மக்கள் நினைப்பதைவிட அதிகப் பாதுகாப்புத் தருகிறது. 2012இல் ஒரு ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் கைது செய்யப்பட்டார். அப்படிக் கைது செய்ய வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்றும் யாராவது ‘66ஏ-ல உள்ள தள்ளிருவேன்’ என்று மிரட்டினால், அந்தப் பிரிவே இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததும் இங்கே பொருந்தும். அவருடைய மாதொருபாகன் நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் பிரித்து நகலெடுத்து ஊரெங்கும் பரப்பினார்கள். இன்று ஸ்கிரீன்ஷாட் செய்கிற வேலை அது. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் நடத்திய சமாதானப் பேச்சுவார்த்தையில் அவரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்துவிட்டு அவர் எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தச் சமாதான உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. ஒரு கருத்துக்காக யாராவது உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் கேட்டால், ஒரு வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவு பாதுகாப்பும் நம் கருத்துக்குத்தான். உண்மையென்று நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டுக்கு அது கிடையாது. ‘அந்த ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சாங்க, எனக்குப் பிடிக்கல’ என்பது அனுபவம். ‘அந்த டாக்டர் ஃபிராடு’ என்பது குற்றச்சாட்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு. பில்லும் தேதியும் கையில் இருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பட்டப்பெயர் வேண்டாம்.

‘நான் எழுதல, ஃபார்வர்டு தான் பண்ணேன்’ என்பதும் தப்பிக்க உதவாது. 2018இல் நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். வேறொருவர் எழுதியது அது. நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது, 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது, 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நினைவுகளைப் பகிர்வதில்தான் நாம் மிகவும் கவனமின்றி இருக்கிறோம். நம் நினைவு நமக்குச் சொந்தம் என்று எண்ணுகிறோம். ஆனால் அதற்குள் இன்னொருவரின் வாழ்க்கை இருக்கிறது. இந்தச் சிக்கலைச் சட்டம் எதிர்கொண்ட ஒரு முக்கிய வழக்கு, ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லாத அஸ்தம்பட்டியோடு தொடர்புடையது. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்புகளும் அதில் இருந்தன. அதை வெளியிட முன்வந்த நக்கீரன் இதழைச் சிறைத் துறைத் தலைவர் எச்சரித்தார். ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு, வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. ஆறு மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 27 அன்று, அஸ்தம்பட்டியில் உள்ள சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

எழுத்துரிமையை மட்டும் அந்தத் தீர்ப்பு பேசவில்லை. ஒருவருடைய திருமணம், குடும்பம், தாய்மை, பிள்ளைகள், படிப்பு பற்றியெல்லாம் அவர் சம்மதமின்றி யாரும் வெளியிட முடியாது, புகழ்ந்து எழுதினாலும் இகழ்ந்து எழுதினாலும் அப்படித்தான் என்றது. பொது ஆவணத்தில் இருக்கும் செய்திக்கு விலக்கு உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயருக்கு அந்த விலக்கும் கிடையாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, சேலத்தோடு தொடர்புள்ள இந்த வழக்கும் அடித்தளங்களில் ஒன்றாக இருந்தது.

ஆகவே தங்கையின் விவாகரத்து, நண்பரின் மனநல சிகிச்சை, மருமகளின் கருச்சிதைவு ஆகியவற்றை ‘மற்றவங்களுக்கு உதவட்டுமே’ என்று எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டாக வேண்டும். பெயரை மறைத்தால் போதாது. ஊரையும் வயதையும் வேலையையும் சொன்னாலே குழுவில் பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே சட்டத்தில் ஓர் இடைவெளி இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும்: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. நாமே பொதுவெளியில் வைத்துவிட்ட தகவலுக்கும் பொருந்தாது. முதலில் படித்த பள்ளி, செல்லப் பிராணியின் பெயர், அம்மாவின் ஊர் என்று மலரும் நினைவுகளில் எழுதுவதெல்லாம் வங்கிக் கணக்கின் பாதுகாப்புக் கேள்விகளுக்கான விடைகளாகவும் இருக்கலாம்.

தவறு நடந்துவிட்டால் வேகம்தான் முக்கியம். 2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் பகுதியில், ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. நடவடிக்கை வருவதற்குள் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு வழிகள் பெருகியிருக்கின்றன. அவை தெரியாததால் இன்னொரு வீடு ஓர் உயிரை இழக்கக் கூடாது.

பதட்டத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். பதிவின் முகவரி, தேதி, நேரம், அனுப்பியவரின் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் தேவைப்படும், அதைத் தயாரிக்க வக்கீல் உதவுவார். கூடவே அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். நிர்வாணப் படத்தையோ போலிக் கணக்கையோ புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் விதிகள் வைத்தன. பதில் திருப்தியாக இல்லையென்றால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே போகலாம்.

பணம் போயிருந்தால் உடனே 1930க்குப் பேசுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களை அங்கே பெயர் சொல்லாமலும் தரலாம். சேலம் மாநகரக் காவலுக்கும் மாவட்டக் காவலுக்கும் தனித்தனி சைபர் கிரைம் பிரிவுகள் உண்டு. ‘இது எங்க ஏரியா இல்ல’ என்று எந்த ஸ்டேஷனும் திருப்பியனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் சொல்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் எழுத்து மூலம் மேலதிகாரியிடமும், பிறகு மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். வெறும் அவதூறு என்றால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியாது, நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்குக் காலக்கெடு ஓராண்டுதான்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவ்வளவு சம்பாதித்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் பெறலாம், 15100 எண்ணில் கேட்கலாம். மனம் உடைந்து போனவர்களுக்கு டெலி மானஸ் 14416 இரவும் பகலும் திறந்திருக்கிறது.

உங்கள் குழுவில் ஒருவருடைய படமோ ரகசியமோ வந்து விழுந்தால், அதை வேறெங்கும் அனுப்பாதீர்கள். யார் என்று விசாரிக்காதீர்கள். சம்பந்தப்பட்டவருக்குத் தனியாகத் தெரிவித்து, அவர் ஸ்டேஷனுக்குப் போகும்போது துணைக்கு ஒருவராவது கூடப் போங்கள்.