மாத்திரையை நிறுத்தலாமா?

கிழக்கேகோட்டையில் பூ விற்கிறார் ஓர் அக்கா. வயது 52. மாதவிலக்கு நின்றுவிட்டது. திடீரென உடம்பு கொதிக்கும். வேர்த்துக் கொட்டும். தூக்கம் இல்லை. டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். வேர்வை அடங்கியது.

“அது புற்றுநோய் தருமாம். நிறுத்திடுங்க அக்கா” என்றார் பக்கத்துக் கடைப் பெண்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. 2002-ல் அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏன்? ஹார்மோன் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. ஆண்டுக்கு 10,000 பேரில் 8 பேர் அதிகம். பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடின. எலும்பு முறிவோ குறைந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் தொடங்கினால் ஆபத்து குறைவு என்று பிறகு தெரிந்தது.

அக்கா என்ன செய்யலாம்? தானாக நிறுத்த வேண்டாம். வேர்வை திரும்ப வரலாம். தைக்காடு அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். மருந்துச் சீட்டோடு போகலாம். டாக்டர் கேட்பார்: “உங்களுக்கோ அம்மாவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததா? காலில் ரத்தம் கட்டியதா?” மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் காத்திருக்கவே கூடாது. உடனே போக வேண்டும்.