வால்நட் கட்டைக்குள் ஒளிந்த உப்பு

மண்பானை வாங்கப் போனால் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறோம். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் மழுங்கினால் எங்கோ கீறல். அமெரிக்காவில் பறவை வேட்டைக்காகப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்குகிறவர்களும் இதையே செய்கிறார்கள். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு குழல்களைத் தனியே கழற்றுவார்கள். அடிப்புறக் கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டுவார்கள். இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பட்டைகளின் பற்றவைப்பு உறுதியாக இருந்தால் கோயில் மணிபோல ஓசை நீளும். ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தாலும் அந்த இடம் அதிர்வைத் தின்றுவிடும். ஓசை தொடங்கியதும் அடங்கிவிடும்.

இப்படித் தேடி வாங்கப்படுபவற்றில் தனிப் பெயர் பெற்றது ‘பிரௌனிங் சூப்பர்போஸ்டு’. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் 1855-இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங்கின் கடைசி வடிவமைப்புகளில் ஒன்று அது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். துப்பாக்கி ஆலையில் வேலையாக இருந்தபோதே அவர், 1926 நவம்பர் 26 அன்று, மாரடைப்பால் இறந்துபோனார். துப்பாக்கி 1931-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு குழல்களையும் ஒரே விசையால் இயக்கும் பொறியை அவருடைய மகன் வால் செம்மைப்படுத்தினார்.

குழல்களை அருகருகே வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் ஒரு நன்மை உண்டு. கண்ணுக்குத் தெரிவது ஒரே குழல்தான், குறி பரவுவதில்லை. வழக்கமாக முதலில் வெடிப்பது கீழ்க்குழல். அதன் உதைப்பு தோளுக்கு நேராக வருவதால் குழல்வாய் அதிகம் மேலே துள்ளாது. இரண்டாவது குறிக்கு உடனே திரும்பலாம். புதரிலிருந்து எழும் பறவை முதல் வெடியின்போது அருகில் இருக்கும், இரண்டாவதற்குள் தூரம் போயிருக்கும். அதனால் கீழ்க்குழலின் வாய் சற்று அகலம், மேல்குழலின் வாய் குறுகல். இந்தக் குறுக்கத்துக்குச் ‘சோக்’ என்று பெயர். மிகக் குறுகலான ‘ஃபுல் சோக்’ வாய், 40 கஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறத்தாழ 70 விழுக்காட்டுச் சிறுகுண்டுகளைச் சேர்க்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். குழாய் முனையில் ஒரு மில்லிமீட்டர் குறைவதும் குறையாததும் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது!

அந்த ஒற்றை விசை இன்னும் வியப்பானது. வெடித்ததும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. விரலிலிருந்து விசை விலகுகிறது. தோள் அதைத் தாங்கி முன்னுக்குத் தள்ளும்போது சுடுகிறவருக்கே தெரியாமல் விரல் மறுபடி இழுத்துவிடுகிறது. அந்த அறியாத இழுப்பில் இரண்டாவது தோட்டா வெடித்துவிடக் கூடாது. அதற்காக உள்ளே ஒரு சிறு எடைக்கட்டி இருக்கிறது. உதைப்பின்போது தன் நிலைமத்தால் அது பின்தங்கி, அடுத்த குழலுக்கான இணைப்பை உரிய நேரத்தில் மாற்றித் தருகிறது. கடையில் வெற்றுத் தோட்டாக்களை மட்டும் போட்டுச் சோதிக்கிறவர், முதல் இழுப்புக்குப் பிறகு தோளில் பதியும் மரக்கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தத் தட்டு உதைப்பாக நடிக்காவிட்டால் நல்ல துப்பாக்கியும் பழுதானதுபோலத் தோன்றும்.

தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பது மேலே உள்ள திறப்பு நெம்பி. மூடியபின் புதுத் துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். பூட்டும் தாழ் ஆப்புப்போல் சரிவாக இருப்பதால், தேயத் தேய இன்னும் உள்ளே நகர்ந்து இறுக்கிக்கொள்ளும். நெம்பியும் நடுவை நோக்கி நகரும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் அந்தத் துப்பாக்கி நிறைய உழைத்துவிட்டது.

இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறவை. எனக்குப் பெரிதாகப் படுவது வெளியே தெரியாத ஒன்று.

துப்பாக்கிக் கட்டை செய்யும் வால்நட் பலகையைப் பக்குவமாகக் காயவைக்க ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். மேற்புறம் விரைவாக உலர்ந்து உட்புறம் ஈரமாகவே இருந்தால் மரம் வெடிக்கும். உப்பு தடவினால் மேற்புறம் ஈரத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். உள்ளீரம் சீராக வெளியேறும். வேலை சீக்கிரம் முடியும். தேவை பெருகிய 1960-களின் நடுவில் பிரௌனிங் துப்பாக்கிகளுக்கு இப்படி உலர்த்திய மரம் வந்து சேர்ந்தது. தச்சர் செதுக்கியபோது உப்பின் ஒரு பகுதி இழைகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். துப்பாக்கிக் கட்டைக்குள்ளும் அதுதான் நடந்தது. கரைந்த உப்புநீர், மரம் எஃகைத் தொடும் இடங்களில் எல்லாம் தங்கியது. குளோரைடு அயனிகள் எஃகைக் காக்கும் மெல்லிய படலத்தைக் குலைத்து, துருவுக்குள்ளேயே பதுங்கி, அரிப்பைத் தொடரச் செய்யும். மேலே பளபளக்கும் வார்னிஷ், அழகான செதுக்கு வேலை. அடியிலோ கடலோரக் கம்பிபோல அரித்த இரும்பு. ஏறத்தாழ 1966 முதல் 1972 வரையான துப்பாக்கிகளை வாங்குகிறவர்கள் இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். துருவைச் சுரண்டித் துடைத்தால் போதாது. கட்டையை மாற்ற வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டையின் பின்மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். அவை துருப்பிடித்திருந்தால் முதல் சந்தேகம். பிறகு, வார்னிஷ் படாத வெறும் மரத்தில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் கரைசல். உப்பு இருந்தால் வெள்ளி அதிலுள்ள குளோரைடைப் பிடித்துக்கொண்டு பால்போல வெளுக்கும். வெளிச்சம் பட்டதும் மெல்லக் கறுக்கத் தொடங்கும். 1830-களில் இங்கிலாந்தில் ஒளிப்பட முன்னோடி டால்பட் உப்பில் நனைத்த காகிதத்தின்மேல் இதே வெள்ளி நைட்ரேட்டைப் பூசித்தான் தம் முதல் ஒளிப்படங்களை எடுத்தார். அன்று அந்தக் காகிதத்தில் இலைகளும் சரிகைப் பின்னல்களும் நிழலாகப் பதிந்தன. கடைக்காரர் மேசையில் கிடக்கும் வால்நட் கட்டையில் பதிவது ஒரு வெண்பொட்டு மட்டும். அதைக் கண்டவர் திருகுகளைத் திரும்ப முடுக்கி, துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறார்.