விளக்கு எரிகிறது, எஞ்சின் ஏன் ஓடவில்லை?

எங்கள் தஞ்சோங் ரம்புத்தானில் கிந்தா ஆறு உண்டு, கடல் இல்லை. பங்கோர் தீவுக்குப் போக லுமுட் சென்று படகேற வேண்டும். அந்தக் கடலில், நிறுத்திய விசைப்படகை மீண்டும் கிளப்பச் சாவியைத் திருப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கிறது. ஆனால், படகின் விளக்கு பளிச்சென்று எரிகிறது. பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு கோளாறு எங்கே?

எளியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கியர் நடுநிலையில் இல்லாவிட்டால் பல எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. படகோட்டி தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக அவர் உடலோடு மாட்டும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருந்தாலும் எஞ்சின் ஓடாது. இரண்டும் சரி என்றால் பேட்டரி முனைகளைக் கவனியுங்கள். உப்புக்காற்றில் அவை அரித்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கலாம்.

அந்தப் பூப்பு என்ன செய்துவிடும்? பள்ளியில் ‘ஹுக்கும் ஓம்’ என்று படிக்கிறீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி அது: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை.

அரித்த இணைப்பின் தடை 0.04 ஓம் எனக் கொள்வோம். விளக்குக்கு 1 ஆம்பியர் போதும். இணைப்பில் இழப்பது வெறும் 0.04 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியர் வேண்டும். அப்போது இழப்பு 100 × 0.04 = 4 வோல்ட்! 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது. மோட்டார் எப்படிச் சுற்றும்?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக், வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி முனையிலும், மற்றொன்றை அம்முனையைக் கவ்வும் பிடியிலும் வைப்பார். இன்னொருவர் சாவியைத் திருப்புவார். நல்ல இணைப்பு என்றால் அளவு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். 1 அல்லது 2 வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். பிடியைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கினால் போதும். புதிய பேட்டரி வாங்கும் செலவு மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி தேங்கிய இடத்தில் சிறு தீப்பொறியே படகை எரித்துவிடும். முதலில் மூடியைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இது பெரியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் அருகில் நின்று கணக்கைச் சொல்லுங்கள்.

கடலே பார்க்காதவர்களுக்கும் இது உதவும். நாளைக் காலை அப்பாவின் கார் ‘டிக்’ என்று மட்டும் சொன்னால், விளக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். பேட்டரி முனைகளைப் பாருங்கள்.